பழைய நிழற்படங்களும் மறைந்த மதுரையும்

முன்னுரை

ஒரு நகரத்தின் பழமையை ஆராய்வோர் இலக்கியம், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டார் குறிப்பு என்பவற்றைச் சான்றாகக் கொள்வர். நிழற்படமும் இவ்வரிசையில் இடம் பெற்று ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும், ஏட்டுச் சுவடியைப் பன்முறை ஐயுற்று ஆராயும் நாம், நிழற்படத்தை மட்டும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். கண்ணாற் காண்பது மெய் என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். சுவடியை ஆராயும் முறையாலேயே நிழற்படத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பதும், அங்ஙனம் ஆராயுங்கால் இலக்கியத்தின் சான்றுரிமை குறையாது தெளிவு பெறும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இதற்கு மதுரை மாநகர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. வருசநாட்டு மலையில் தோன்றும் வையையின் கரையூர்களுக்கும், மஞ்சளாறு பாயும் கெங்குவார்பட்டி முதலிய அடிவாரத்து ஊர்களுக்கும் நகரம் என்றால் மதுரையே. தேனி மாவட்டம் 1996ஆம் ஆண்டு பிரிக்கப்படும் வரை இவ்வூர்கள் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தன என்பதும் நினைத்தற்குரியது.

1. திரைப்பின் படங்கள்

லின்னேயஸ் திரைப் (1822-1902) சென்னைப் படையில் பணிபுரிந்த ஆங்கிலேயர். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்ற இவர், 1857 இறுதியிற் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படமெடுத்து 1858இல் சென்னை மீண்டார். அவ்வாண்டே மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, வண்டியூர்த் தெப்பக்குளம் ஆகியவை அவற்றுள் இடம்பெற்றன. 1859இல் சென்னை ஆளுநராக வந்த திரெவெலியன் இப்பணியைச் செலவு மிக்கதெனக் கருதி நிறுத்திவிட்டார். எனவே, மதுரையின் பழந்தோற்றம் நமக்கு எஞ்சியது மிகக் குறுகிய ஒரு காலவெல்லையின் பயன் எனலாம்.

இப்படங்களுள் அரண்மனையைக் காட்டுவன சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. திருமலை நாயக்கர் (1623-1659) எடுப்பித்த அம்மாளிகை, சொர்க்கவிலாசம், அரங்கவிலாசம் என்னும் இருபெரும் பகுதிகளை உடையதாயிருந்தது. சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது இதன் பெரும்பகுதி பிரிக்கப்பட்டது. நேப்பியர் ஆளுநராக இருந்த 1866-1872 ஆண்டுகளில் எஞ்சிய பகுதி செப்பனிடப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைத் திரைப்பின் படங்கள் காட்டுகின்றன. இன்று நாம் காணும் மாளிகை எவ்வளவு பழையது, எவ்வளவு செப்பனிடப்பட்டது என வரையறுத்தற்கு இவை இன்றியமையாதன. அரங்கவிலாசத்தின் எச்சமாகக் கருதப்படும் பத்துத்தூண்கள் இன்று கடைத்தெருவின் சந்தில் நிற்கின்றன. அவற்றை மட்டும் கண்டு அக்கட்டடத்தின் பரப்பை உணர்தல் அரிது.

2. படமும் பாடமும்

சுவடியாராய்ச்சியில் மூலம், படி, பாடவேறுபாடு, இடைச்செருகல், உரை என்னும் பாகுபாடுகள் உண்டு. பத்துப்பாட்டை 1889லும் சிலப்பதிகாரத்தை 1892லும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் இவற்றை எவ்வளவு நுட்பமாகக் கையாண்டார் என்பதை அறிவோம். இப்பாகுபாடுகள் நிழற்படத்திற்கும் பொருந்தும்.

முதலாவது, இடைச்செருகல். திரைப் மெழுகு பூசிய தாளில் எதிர்ப்படம் எடுத்தவர். அம்முறையில் வானம் நன்கு பதிவதில்லை. ஆதலின் எதிர்ப்படத்தின்மீது கையால் வண்ணம் தீட்டி முகில்களை அமைத்தார். எனவே, மதுரை வானில் நாம் காணும் முகில்கள் எல்லாம் அன்று அங்கு இருந்தவை என்று கொள்ளுதல் பொருந்தாது.

இரண்டாவது, சிதைவு. தாள் எதிர்ப்படத்தில் ஒளி பதிய நெடுநேரம் வேண்டும். அசையாத தூண் பதியும். நடந்து செல்பவர் பதியார். ஆதலால் கோயில் வெளிகளும் மண்டபங்களும் பெரும்பாலும் ஆளின்றித் தோன்றுகின்றன. இதனைக் கண்டு, அன்றைய மதுரை பாழ்பட்டுக் கிடந்தது என்று முடிவு கட்டுவோர் உளர். அது கருவியின் குறையை நகரத்தின் குறையாகக் கொண்ட பிழையாகும். செல்லரித்த ஏட்டில் அடிகள் இன்மையால் புலவர் அவற்றைப் பாடவில்லை என்று கூறுவோமா?

மூன்றாவது, உரை. படங்களின் கீழுள்ள தலைப்புகளும் விளக்கக் குறிப்புகளும் உரையாசிரியர் உரையை ஒப்பன. புதுமண்டபத்தைத் திரைப் காலத்து ஆங்கிலேயர் ‘திருமல் நாயக் சௌல்ட்ரி’ என வழங்கினர். அச்சொல் வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தையும் குறிப்பது. அம்மண்டபமோ இறைவனின் வசந்த விழாவுக்கென எடுக்கப்பட்டது. தலைப்பை மட்டும் நம்புவோன் விழா மண்டபத்தைச் சத்திரம் எனக் கொள்வான். ஆகவே, படம் வேறு, படத்தின் பெயர் வேறு என்னும் வேறுபாட்டை ஆராய்ச்சி மாணவர் மறத்தல் கூடாது.

3. படத்தில் இல்லாத மதில்

மதுரையில் மறைந்த கட்டடங்களுள் மிகப் பெரியது கோட்டை மதில். நாயக்கர் காலத்தில் எழுபத்திரண்டு கொத்தளங்களோடு விளங்கிய அம்மதில், பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்த காலத்தில் (1834-1847) இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டது. மதிலை இடித்து அகழியை நிரப்புவோர்க்கு அந்நிலமே உரிமையாக்கப்பட்டது. வெளிவீதிகள் அங்ஙனம் தோன்றியவை. அப்பணியில் ஈடுபட்ட மாரட்டு, பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயர்கள் இன்றும் வீதிப் பெயர்களாய் வழங்குகின்றன.

நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அது மதுரைக்கு வந்தபோது மதில் இல்லை. ஆனால் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூணைத் திரைப் படமெடுத்துள்ளார். இடித்தவரின் நினைவுச் சின்னம் படத்தில் இருக்கின்றது, இடிக்கப்பட்டது இல்லை. ஒரு நகரத்தின் படத்தொகுப்பு எதனைக் காட்டுகின்றது என்பதோடு, எதனைக் காட்ட இயலவில்லை என்பதையும் வினவுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படத்தில் இல்லாத மதிலை மதுரைக்காஞ்சியைக் கொண்டு நிரப்புதல் சிலர்க்கு வழக்கமாகிவிட்டது. மாங்குடி மருதனார் பாடிய மதிலும் அகழியும் பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தவை. பிளாக்பர்ன் இடித்ததோ நாயக்கர் மதில். இரண்டையும் ஒன்றாக்குதல் இலக்கியத்திற்கும் நன்றன்று, வரலாற்றிற்கும் நன்றன்று. வீதிப் பெயரும், எஞ்சிய கோட்டைச் சுவரும், பழைய நிலப்படமுமே இதற்கு நேரிய சான்றுகளாகும்.

4. இரவும் கள்வரும்

நிழற்படம் காட்ட இயலாத பிறிதொன்று இரவு. நகரத்தின் மறைவான வாழ்வு இரவிற்கு உரியது. அதனைப் பாட இலக்கியம் தயங்கவில்லை. மதுரைக்காஞ்சி நாளங்காடியோடு அல்லங்காடியையும் காட்டுகின்றது. பரத்தையர் வாழ்வைக் காட்டுகின்றது. நள்ளிரவில் கருவியோடு திரியும் கள்வரையும், அவர்தம் நெறியை நூல்வழி அறிந்து பின்தொடரும் ஊர்காவலரையும் காட்டுகின்றது. கள்வனும் காவலனும் ஒரே இருளில், ஒரே கலையறிவோடு நிற்கின்றனர் என்பது அப்புலவர் கண்ட உண்மை.

சிலப்பதிகாரம் இதனினும் ஆழ்ந்து செல்கின்றது. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாவன எட்டு என விரித்துரைக்கின்றான். அவன் கூறும் களவிலக்கணம் பிழையற்றது. பிழை, அவ்விலக்கணத்தைக் கோவலன்மீது ஏற்றியதில் உள்ளது. கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கள்வனல்லன் என உணர்ந்தவரும் அவ்விடத்து இருந்தனர். எனினும் பெயர் முந்திக்கொண்டது, வாள் பின்வந்தது.

இக்காட்சி பழங்கதையாகவே நின்றுவிடவில்லை. மதுரை வட்டாரத்தில் காவற்கூலியும் துப்புக்கூலியும் நெடுங்காலம் நிலவின. நெல்சன் 1868லும் பிரான்சிஸ் 1906லும் எழுதிய மாவட்ட நூல்கள் இவ்வழக்குகளை அரசாங்கத்தின் பார்வையிலிருந்து நோக்கின. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பினாலேயே ஒரு சமூகத்தைக் குற்றமுடையதாக்கி, கைரேகை பதியச் செய்தது. மக்கள் அதனை ‘ரேகைச் சட்டம்’ என்றனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 3.4.1920 அன்று துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. தனி மனிதரின் உருவுக்குக் கீழே குலப்பெயரை எழுதி, அப்பெயருக்குக் குற்றத்தை உரித்தாக்கிய காலம் அது. படத்தின் தலைப்பை ஐயுறுக என மேலே கூறியது கட்டடத்திற்கு மட்டும் உரிய விதியன்று. ஈண்டு அது மனித உயிரைப் பற்றியதாகின்றது.

சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ கோட்டை இடிப்பையும் காவலையும் களவையும் பொருளாகக் கொண்ட நாவல். 2011இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. மாவட்ட நூல்கள் குற்றமாகக் கண்டதை அது வாழ்வாகக் காண்கின்றது. ஆயினும் அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு நேர்ச்சான்றாக எடுத்தாளுதல் பொருந்தாது. அது சான்றுகளைப் படித்த ஒரு படைப்பாளியின் உரை. அவ்வளவில் மிகுந்த மதிப்புடையது.

5. சிற்றூர்ப் படங்கள்

அரசாங்கத்தின் படக்கருவி கோயிலையும் அரண்மனையையும் நாடியது. கெங்குவார்பட்டி போன்ற ஊர்களின் பழமையைத் தேடுவோர் வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களையே நாடுதல் வேண்டும். அவற்றிற்கும் மேற்கூறிய முறையே பொருந்தும். படத்தின் பின்புறத்து எழுத்து, நிலையத்தின் முத்திரை, பின்னணியில் தோன்றும் திண்ணையும் ஓடும், அவ்வீட்டு முதியோர் கூறும் பெயர்கள் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து, பின்னர் ஒப்பிடுதல் வேண்டும். ஊர்ப் பெயர்களும் துணைபுரியும். கொடைக்கானல் மலைச்சாலை தொடங்குமிடம் ‘காட்ரோடு’ என இன்றும் வழங்குகின்றது. மலைச்சாலையைக் குறித்த ஆங்கிலத் தொடர் ஓர் இடப்பெயராகவே நிலைத்துவிட்டது. மாரட்டு வீதியைப் போல, படம் இல்லாத இடத்தில் பெயர் சான்றாகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நிழற்படம் கட்டடத்தின் உருவிற்குச் சிறந்த சான்று என்பதும், மக்கள் நடமாட்டத்திற்கும் இரவு வாழ்விற்கும் அது குறைபட்ட சான்று என்பதும், அதன் தலைப்பு தனியே ஆராயற்பாலது என்பதும் பெறப்படும். இலக்கியம் அக்குறையை நிரப்பும்; ஆயின் காலவேறுபாட்டை மறந்து நிரப்புதல் கூடாது. திரைப்பின் மதுரைப் படங்களைக் காலமுறைப்படுத்தி, தலைப்புகளைத் திருத்தி, குறிப்புரையுடன் தமிழில் பதிப்பித்தல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.