பலகையும் கைப்பழக்கமும்
மரக்கல மீட்பு குறித்துச் சில சிந்தனைகள்

நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலைப் பற்றித் திருக்குர்ஆன் பேசும் இடங்களுள் 54ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் தனித்தன்மை உடையது. அங்குக் கப்பல் என்ற பெயர் வரவில்லை. எவற்றால் அது ஆனதோ அவையே அதன் பெயராக நிற்கின்றன. பலகைகளை அடுத்து வரும் ‘துஸுர்’ என்னும் சொல்லுக்கு விரிவுரையாளர் பலரும் ஆணிகள் என்றே பொருள் கூறினர். பழைய அரபு அகராதிகளோ பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் தருகின்றன. ஆணி அறைந்த கலம், கயிற்றால் தைத்த கலம் ஆகிய இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. பழைய மரக்கலங்களை மீட்கும் முயற்சிகளை மதிப்பிட முனைவோர்க்கு இதுவே நல்ல தொடக்கம். மீட்கப்படுவது பலகையா, அதைப் பிணைத்த கையின் அறிவா?

அண்மைக் காலத்தின் மூன்று கலங்களை நோக்குவோம். 1980இல் டிம் செவெரின் ஓமானின் சூர் துறையில் ‘ஸொஹார்’ என்னும் தைத்த கலத்தைக் கட்டுவித்து, மறு ஆண்டில் சீனத்தின் காண்டன் நகரை அடைந்தார். மரம் மலபாரிலிருந்து சென்றது. தைக்கும் கைகள் இலட்சத்தீவிலிருந்து சென்றன. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கலத்தின் சிதைவை முன்மாதிரியாகக் கொண்டு ‘மஸ்கத்தின் அணிகலன்’ என்னும் கலம் உருவாகி, 2010இல் சிங்கப்பூரைச் சேர்ந்தது. அஜந்தாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றைக் கொண்டு கட்டப்பட்ட ‘கௌண்டின்யா’, 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. ஓவியத்தைத் தவிர வரைபடம் எதுவும் இல்லாத நிலையில், சென்னை ஐ.ஐ.டி. அதன் மாதிரியை நீரில் சோதித்தது. பாபு சங்கரன் தலைமையிலான கேரளக் கைவினைஞர்கள் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனர்.

இம்மூன்றிலும் பழைய மரம் ஒரு துண்டும் இல்லை. எனினும் இவற்றைப் போலி எனத் தள்ள நாம் ஒருப்படோம். தைத்த கலத்தில் வெளிப்பலகைகளே முதலில் உருப்பெறுகின்றன. விலாச்சட்டங்கள் பிறகே பொருத்தப்படுகின்றன. வளைவு எவ்வளவு என்பதைத் தச்சனின் கண் முடிவு செய்கிறது. அந்தக் கண் அணையாதிருந்ததனாலேயே மீட்பு கைகூடிற்று. கண்ணாடிக் கூண்டில் வைத்த பழைய கலம் ஒன்று இந்த அறிவைத் தானே கற்பித்துவிடாது.

இங்கு நம் வரலாற்றெழுத்தின் ஒரு குறையைச் சுட்டவேண்டும். தமிழ் முஸ்லிம்களின் தொழில் மரபைப் பேசுவோர் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று கரையோரமே நடக்கின்றனர். மரக்காயர்களின் கப்பலோட்டம் பெருமைக்குரியதே. ஆயினும் கடல் காணாத சேலம், நாமக்கல் சமவெளியைக் கலைவரலாறு அற்ற நிலமாக விட்டுவிட்டோம். இந்நிலத்தின் கலம் பரிசல். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, முன்னாளில் தோலும் பின்னாளில் தார் பூசிய விரிப்பும் போர்த்துக் காவிரியைக் கடந்தனர். போர்வை கிழிந்தால் போர்வையும், மூங்கில் முறிந்தால் மூங்கிலும் மாறும். சீரமைப்பு என்பது பரிசலுக்குத் தனி நிகழ்ச்சியன்று. அதன் அன்றாட வாழ்வே அதுதான்.

இச்சமவெளியின் பெரிய தச்சுக்கூடமோ நீரை விட்டு நெடுந்தொலைவில், நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளில் உள்ளது. பல லாரிகளுக்குத் தொழிற்சாலையிலிருந்து சேஸிஸ் மட்டுமே வரும். அதன்மேல் கேபினும் பாடியும் கட்டும் பொறுப்பு பட்டறையுடையது. கப்பலுக்கு அடிமரமாகிய ஏரா எதுவோ, லாரிக்குச் சேஸிஸ் அதுவே. சரக்குக்கு ஏற்ப உடல் மாறும். கோழி ஏற்றும் வண்டியின் அளவு வேறு. நெல் ஏற்றுவதன் அளவு வேறு. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் இவ்வாறே லாரிகளின்மேல் உருவாகின்றன. தச்சர், வெல்டர், டிங்கர், பெயிண்டர் எனப் பலர் கைகள் ஒரு வண்டியில் கூடுகின்றன. மரத்தின் இடத்தை இரும்பு பெரிதும் பிடித்துக்கொண்ட பின்னரும், வாடிக்கையாளர் வாயால் சொன்னதை உருவாக்கித் தரும் ஆற்றல் மாறவில்லை.

இதனை வெறும் ஏக்கமாக்கிப் பாடுவது நேர்மையாகாது. கண்ணளவில் கட்டிய கேபின் விபத்தில் ஓட்டுநரைக் காக்கத் தவறலாம். கோடைச் சூட்டில் அவர் பட்ட பாட்டையும் எவரும் அளக்கவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதன வசதி கட்டாயம் என்னும் விதியை நாம் வரவேற்கிறோம். இத்தகைய விதிகள் பெருகப் பெருகத் தொழிற்சாலையில் முடிந்த கேபின் முன்னேறும். சிறு பட்டறை பின்னடையும். உயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு அம்மாற்றம் தக்கதே. ஆனால் முன்னிருந்த அறிவு எழுதப்படாமலே மறைவதற்கு அது காரணமாகிவிடக் கூடாது.

தைத்த கலத்தை மீட்க ஓவியமும் சிதைவும் உதவின. கயிறு பிடித்த கைகளும் எஞ்சியிருந்தன. நாமக்கல் பட்டறைக்கு ஓவியன் வரப்போவதில்லை. பழைய லாரியோ இரும்புக்கடையில் உடைபட்டு மறைகிறது. சேலம், நாமக்கல் கல்லூரிகளில் பயிலும் நம் இளைஞர்கள் முதிய தச்சர்களிடம் சென்று, அவர்கள் வழங்கும் கலைச்சொற்களையும் அளவுமுறைகளையும் கருவிகளின் பெயர்களையும் அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்யவேண்டும். கடற்கரைக்கு நாம் காட்டும் மதிப்பில் ஒரு பகுதியேனும் இச்சமவெளிக்கும் உரியது.