மாத்திரை அலுவலகத்துக்கு, மிச்சம் வீட்டுக்கு

பெரியவர்களுக்கான ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) சிகிச்சையைப் பற்றிச் சிங்கப்பூரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மருந்தும் வேண்டும், நல்ல பழக்கவழக்கமும் வேண்டும். நேரத்துக்குத் தூங்குங்கள், தினமும் நடங்கள், ஒழுங்காகச் சாப்பிடுங்கள், மாத்திரையை விட்டுவிடாதீர்கள். இதில் எந்த வரியோடும் சண்டை பிடிக்க முடியாது. ஆனால் மருந்து எந்த மணி நேரத்தில் வேலை செய்கிறது, பழக்கங்களை எந்த மணி நேரத்தில் செய்யச் சொல்கிறோம் என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், இந்த அறிவுரையில் ஒரு பெரிய ஓட்டை தெரியும்.

முதலில் மருந்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். மெதில்ஃபெனிடேட், அதாவது ரிட்டாலின், கான்செர்ட்டா என்ற பெயர்களில் கிடைப்பது, மனநல மருத்துவத்தில் பலன் தெளிவாகத் தெரியும் மருந்துகளில் ஒன்று. சுவீடனின் தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வு, ஒரே ஆளை மருந்து எடுத்த காலத்திலும் எடுக்காத காலத்திலும் ஒப்பிட்டது. மருந்து எடுத்த காலத்தில் ஆண்களிடம் குற்றச்செயல் 32 விழுக்காடு குறைவாக இருந்தது. ‘மனசு வைத்தால் முடியும், எல்லாம் சோம்பேறித்தனம்’ என்று சொல்லும் சித்தப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

ஆனால் சான்றின் நீளம் குறைவு. 133 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2018இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பகுப்பாய்வு, ஏறக்குறைய 12 வாரப் பலனைத்தான் உறுதியாகப் பேச முடிந்தது. நோயோ பல பேருக்கு ஆயுள் முழுக்கக் கூட வருகிறது. அதே பகுப்பாய்வு பெரியவர்களுக்கு முதல் தேர்வாகச் சொன்னது ஆம்ஃபெட்டமைன் வகை மருந்தை. அமெரிக்காவில் பரவலாக எழுதித்தரப்படும் ஆடரால் இங்கே விற்பனையில் இல்லை. அதிலுள்ள ஆம்ஃபெட்டமைன் போதைப்பொருள் சட்டத்தின் பிடிக்குள் வருகிறது. ஆகவே இங்கே பேச்சு பெரும்பாலும் மெதில்ஃபெனிடேட்டைப் பற்றியதுதான்.

கான்செர்ட்டா மாத்திரையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். வெளிப்பூச்சில் உள்ள மருந்து முதல் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். அதற்குள்ளே கரையாத ஓர் ஓடு. அதில் லேசரால் போட்ட நுண்ணிய துளை. வயிற்று நீர் உள்ளே ஊற ஊற அடியிலுள்ள பகுதி உப்பி, மிச்ச மருந்தைத் துளை வழியாகச் சிறிது சிறிதாக வெளியே தள்ளும். வேலை முடிந்த வெற்று ஓடு மலத்தோடு முழுசாக வெளியேறும். ‘மாத்திரை செரிக்கவே இல்லையே’ என்று பயந்தவர்கள் உண்டு. இந்தச் சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்து சுமார் 12 மணி நேரம் தாங்கும். காலை 8 மணிக்குப் போட்டால் இரவு 8 மணியோடு சரி.

இனி அந்த 12 மணி நேரம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பெரும்பகுதி முதலாளிக்கு. கூட்டம், மின்னஞ்சல், அறிக்கை, கணக்கு எல்லாம் மாத்திரையின் நிழலில் நடக்கின்றன. வீவக வீட்டுக் கதவைத் திறக்கும்போது நிழல் விலகிவிடுகிறது. பிள்ளையின் வீட்டுப்பாடம், துவைக்கக் கிடக்கும் துணி, கட்டாத மின்கட்டணம், மனைவியோ கணவரோ சொல்லி முடிப்பதற்குள் நழுவிப்போகும் பேச்சு, இவை அத்தனையும் மருந்தில்லாத மூளைக்கு. சிலருக்கு மருந்து இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் எரிச்சலும் சோர்வும் கூடிவரும். அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்த ஆள் வீட்டில் ‘எதிலும் பொறுப்பில்லை’ என்று ஏச்சு வாங்குவதில் ஆச்சரியம் இல்லை.

நோயை அளக்கும் கருவியும் இதே பக்கம்தான் சாய்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் முதற்கட்டக் கேள்விகள் 6. திட்டப்பணியின் கடைசி விவரங்களை முடிக்கச் சிரமமா, வேலையை ஒழுங்குபடுத்தச் சிரமமா, சந்திப்புகளை மறக்கிறீர்களா, யோசிக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுகிறீர்களா, நெடுநேரம் உட்கார்ந்தால் கைகால் அலைபாய்கிறதா, ஏதோ உந்தித்தள்ளுவது போல ஓடுகிறீர்களா. அடுப்பில் வைத்த பாலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

பழக்கவழக்கப் பட்டியலின் பெரிய குறை இங்கேதான். உடற்பயிற்சி, சமைத்த இரவு உணவு, 11 மணித் தூக்கம் என்று நாம் கேட்பது பெரும்பாலும் இரவு 8 மணிக்கு மேல் நடக்க வேண்டியவை. திட்டமிடுதல், தொடங்குதல், நிறுத்துதல் ஆகிய மூன்றிலும் குறையுள்ள ஒருவரிடம், அந்தக் குறையை ஈடுகட்டும் மருந்து தீர்ந்த பிறகு, அந்த மூன்றையும் கேட்கிறோம்.

இதற்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவை விடத் தோதான சோதனைக்களம் கிடைக்காது. மருந்து பசியை அடக்கும். மதியம் தேக்கா நிலையத்தில் பிரியாணிப் பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டுத் தொடாமலே வேலைக்குத் திரும்புவது வழக்கமான கதை. இரவில் மருந்து இறங்க, பகல் முழுக்கக் காணாத பசி மொத்தமாக வந்து நிற்கும். பத்தரை மணிக்கு இரண்டு பரோட்டா, கூடவே ஒரு தே தாரிக். பிறகு ஒரே ஒரு பற்பசை வாங்க முஸ்தஃபா பேரங்காடிக்குள் நுழைந்தால் (ஏடிஎச்டி இல்லாதவரே அங்கே தொலைந்துபோவார்) வெளியே வர நள்ளிரவாகும். தாமதமாகத் தூங்கி, தாமதமாக எழுந்து, மாத்திரையைப் பத்து மணிக்குப் போட்டால் அன்றைய தூக்கமும் தள்ளிப்போகும். ஒவ்வொன்றும் சின்னத் தவறு. சேர்ந்து சுழலும்போது மருந்தின் அளவு போதவில்லை என்று தோன்றும். பல சமயம் போதாதது மதியச் சோறு.

அப்படியானால் பழக்கவழக்கம் வீணா? இல்லை. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் காரணம் தவறு. நடைப்பயிற்சி கவனத்தைக் கூர்மையாக்கும் என்பதற்கான சான்று மிதமானதுதான். மருந்தின் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. அதன் உண்மையான பயன் வேறு. 2 லட்சத்து 78 ஆயிரம் பேரின் தரவைக் கொண்டு 2023இல் வந்த இன்னொரு சுவீடன் ஆய்வு, மருந்து எடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இதய, ரத்தநாள நோய் அபாயம் சராசரியாக 4 விழுக்காடு கூடுவதைக் கண்டது. ரத்த அழுத்தமே அதில் முக்கியம். சிங்கப்பூர் இந்தியர்களிடம் நீரிழிவும் மாரடைப்பும் ஏற்கெனவே அதிகம். நாற்பது வயதில் ஏடிஎச்டி என்று தெரியவரும் நம்மவர் ஒருவருக்கு நடையும், உப்பைக் குறைத்த சாப்பாடும், வீட்டில் ஒரு ரத்த அழுத்தக் கருவியும் கவனத்துக்கான மருந்து அல்ல. மாத்திரையைப் பல ஆண்டு தொடர்வதற்கான அனுமதிச்சீட்டு. இதைச் சொல்லாமல், ‘நடந்தால் மூளை தெளியும்’ என்று சொன்னால், மூன்று வாரம் நடந்தும் தெளியாதபோது அவர் நடையையும் மாத்திரையையும் விட்டுவிடுவார்.

பழக்கத்தை மருந்து இருக்கும் நேரத்துக்கு நகர்த்துவதுதான் அறிவுடைமை. மதிய உணவைப் பசிக்குக் காத்திராமல் மணி பார்த்துச் சாப்பிடலாம். நடையைக் காலையிலோ மதிய இடைவேளையிலோ முடிக்கலாம். கட்டணங்களை அலுவலக மேசையிலேயே கட்டிவிட்டு வரலாம். மருந்து எடுத்தும் தொல்லை தீராத 86 பேரிடம் நடந்து 2010இல் வெளியான சோதனையில், ஒரே நாட்காட்டி, ஒரே வேலைப்பட்டியல், பெரிய வேலையைத் துண்டாக்குதல் போன்றவற்றைக் கற்றுத்தந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, தளர்வுப் பயிற்சியை விட நல்ல பலன் தந்தது. வைராக்கியத்தை வளர்ப்பதை விட்டு, நினைவை மூளைக்கு வெளியே தாளில் வைத்ததுதான் அங்கே பலித்தது.

மாலைக்குக் குறைநேர மாத்திரை ஒன்றைச் சேர்க்கலாமா என்றும் மருத்துவரிடம் கேட்கலாம். தூக்கம் கெடக்கூடும் என்பது மெய்யான ஆபத்து. ஆனால் முடிவு எடுக்க மாலை எப்படிப் போகிறது என்பதை யாராவது கேட்டிருக்க வேண்டும். அட்டோமாக்ஸெட்டின் நாள் முழுக்கப் பரவும், ஆனால் பலன் தெரியப் பல வாரம் ஆகும். ரமலானில் சஹர் உணவோடு ஐந்து மணிக்கு மாத்திரை போடும் தமிழ் முஸ்லிமுக்கு நோன்பு திறக்கும் முன்பே மருந்து தீர்ந்திருக்கும். இரவுப்பணிப் பாதுகாவலருக்குக் கணக்கே தலைகீழ். அலுவலக நேரத்தை மனதில் வைத்துச் செய்த மாத்திரை இது. எல்லார் நாளும் அப்படி ஓடுவதில்லை.

இத்தனைக்கும் மேல், மருந்தைப் பெறுவதே ஏடிஎச்டி உள்ளவருக்குத் தேர்வு வைப்பது போல இருக்கிறது. பிள்ளையாக இருந்தால் தேக்காவிலிருந்து சாலையைக் கடந்தாலே கேகே மருத்துவமனை. வளர்ந்த பிறகு புவாங்கோக்கில் மனநலக் கழகம், அல்லது வேறொரு பொது மருத்துவமனை, அல்லது பணம் இருந்தால் தனியார். கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் ஒவ்வொரு முறையும் மருத்துவரின் சீட்டு வேண்டும். சந்திப்பை மறந்தால் மாத்திரை தீரும், மாத்திரை தீர்ந்தால் அடுத்த சந்திப்பை வாங்குவதும் மறக்கும். நாட்பட்ட நோய்களுக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணத்தை எடுக்க வழிசெய்யும் திட்டத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் மனச்சிதைவு, பெருமனச்சோர்வு, இருதுருவ நோய், பதற்ற நோய் எல்லாம் உண்டு, ஏடிஎச்டி இல்லை. 2021இல் தொடங்கிய அன்லாக்கிங் ஏடிஎச்டி அமைப்பு போன்றவை குழுக்கூட்டமும் பயிற்சியும் தந்து இடைவெளியில் கொஞ்சத்தை அடைக்கின்றன. மாத்திரைக்கான பணத்தை அவற்றால் தர முடியாது.