தடிப்பான ஒயில் பந்தயக் காருக்கு மருந்தாகுமா?

பசறையிலோ பதுளையிலோ ஒரு கராஜில் போய் "வண்டி ஒயில் குடிக்குது" என்று சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "தடிப்பான ஒயில போடுங்க தம்பி, சரியாயிடும்." தடிப்பான ஒயில் என்றால் 20டபிள்யூ-50. மலைவீதிகளில் லொறியும் முச்சக்கர வண்டியும் ஓட்டிப் பிழைப்பவர்களின் அனுபவத்தில் விளைந்த அறிவுரை அது; எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே அறிவுரை பந்தயக் கார்களுக்கும் சொல்லப்படுகிறது. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில், நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றம், களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தை என்று ஓடும் ஹொண்டா சிவிக்குகளுக்கும் அது பொருந்துமா என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

இந்தக் கேள்வியில் பணமும் இருக்கிறது, எஞ்சினின் ஆயுளும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏற்கெனவே நாட்டில் இருந்த பழைய கார்களே பந்தயத்தைத் தாங்கின. 2022 பொருளாதார நெருக்கடியில் ஒயில் விலையும் உதிரிப்பாக விலையும் கடுமையாக ஏறின. ஒரு பழைய எஞ்சின் போனால் அதற்கு ஈடாக இன்னொன்று தேடுவது இன்று எளிதல்ல.

முதலில் டின்னில் அச்சிட்ட இலக்கங்களைப் பார்ப்போம். 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான அளவு. 20டபிள்யூ ஒயிலை மறை 15 பாகை செல்சியசிலும், 5டபிள்யூ ஒயிலை மறை 30 பாகையிலும் சோதிக்கிறார்கள். ஊவாவில் அந்தக் குளிர் ஒருநாளும் வராது. ஆகவே 20டபிள்யூ ஒயில் நம் ஊரில் உறைந்துவிடும் என்ற பயம் தேவையற்றது. பின்னால் உள்ள எண்தான் சூடான எஞ்சினுக்குரியது. 100 பாகையில் 30 தரம் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலும், 40 தரம் 12.5 முதல் 16.3 வரையிலும், 50 தரம் 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்க வேண்டும்.

பந்தயத்துக்கு இதைவிட முக்கியமான இன்னொரு அளவு உண்டு. 150 பாகை வெப்பத்தில், பெயரிங்குக்கும் கிராங்குக்கும் இடையில் நசுங்கும்போது ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பதை அது காட்டும். 30 தரத்துக்குக் குறைந்தபட்சம் 2.9 மில்லிபாஸ்கல் செக்கன், 5டபிள்யூ-40க்கு 3.5, 50 தரத்துக்கு 3.7. கடைகளில் கிடைக்கும் 50 தர ஒயில்கள் பெரும்பாலும் இந்தக் கீழ் எல்லையைத் தாண்டியே நிற்கும் என்பது உண்மை. என்றாலும் 30இலிருந்து 40க்குப் போகும்போதுதான் பாதுகாப்பின் கீழ் எல்லை பெரிதாக உயர்கிறது. 40இலிருந்து 50க்குப் போகும்போது அந்த எல்லை சிறிதளவே ஏறுகிறது.

அடுத்து, எந்தப் பந்தயம் என்று கேட்க வேண்டும். 1930களிலிருந்து நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றத்தில் ஓர் ஓட்டம் ஒரு நிமிடமளவில் முடிந்துவிடும். மலைநாட்டுக் குளிரில் வரிசையில் காத்து நிற்கும் காரில் தண்ணீர் சூடாகியிருக்கும், ஒயில் சூடாகியிராது. அந்நிலையில் 20டபிள்யூ-50, சாதாரண 5டபிள்யூ-30ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தடிப்பாக இருக்கும். கொடி அசைந்ததும் சிவிக்கை 8000 சுற்றுக்கு ஏற்றினால் பம்பின் அழுத்த வால்வ் திறந்து ஒயிலின் ஒரு பங்கு மீண்டும் சம்புக்கே திரும்பும். ஃபில்டரின் மாற்றுவழி வால்வும் திறந்தால் வடிகட்டாத ஒயில் பெயரிங்குக்குப் போகும். கேஜில் அழுத்தம் உயர்வாகத் தெரியும், ஓட்டுநரும் மகிழ்வார். ஆனால் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. குறுகிய மலையேற்றத்தில் 20டபிள்யூ-50 செய்வது கெடுதலே.

கட்டுக்குருந்தையின் நிலை இதற்கு நேர்மாறு. உலகப்போர்க் கால விமான ஓடுபாதை, கடல்மட்டம், புழுக்கம், சுற்றுக்கு மேல் சுற்று. ஒயில் கூலர் இல்லாத எஞ்சினில் ஒயில் வெப்பம் 130 பாகையைத் தாண்டுவது அரிதல்ல. அந்தச் சூட்டில் 30 தரம் மிகவும் மெலிந்துவிடும். ஹொண்டாவின் வீடெக் அமைப்பு உயர்சுற்றில் கேமை மாற்றுவதே ஒயில் அழுத்தத்தால்தான். அழுத்தம் விழுந்தால் வேகம் போவது ஒரு பக்கம், பெயரிங் போவது மறுபக்கம். "கொம்பனி சொன்ன 30ஏ போதும்" என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இங்கே தோற்கிறார்கள். கொம்பனி கையேடு சாலையில் ஓடும் காருக்காக, எரிபொருள் சிக்கனத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

இந்த வழக்குக்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் கோர்வெட். அதன் ஏழாம் தலைமுறைக் காருக்கு, சாலையில் 5டபிள்யூ-30, பந்தயத் தடத்தில் 15டபிள்யூ-50 என்று கையேடே சொன்னது. 2019ஆம் ஆண்டு மொடலில் இரண்டுக்கும் பொதுவாக 0டபிள்யூ-40 வந்தது. 50 தரம் தந்த பாதுகாப்பை நல்ல செயற்கை 40 தரமே தர முடியும் என்று தயாரிப்பாளர்கள் முடிவுக்கு வந்தார்கள் என்பதே இதன் பொருள். நிசான் ஜீடி-ஆர் ஆர்35க்கும் 0டபிள்யூ-40 ஒயில்தான் பரிந்துரைக்கப்பட்டது. மறுபக்கத்தில் பீஎம்டபிள்யூ எம்3இன் எஸ்54 எஞ்சினைப் பாருங்கள். 10டபிள்யூ-60 என்ற மிகத் தடித்த ஒயில் அதற்கென்றே விதிக்கப்பட்டது. ஆனாலும் 2000களின் தொடக்கத்தில் அந்த எஞ்சின்களில் பெயரிங்குகள் தேய்ந்து, கொம்பனியே கார்களைத் திருப்பி அழைத்து மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. தடிப்பு எல்லாவற்றையும் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

இனி ஒயில் குடிக்கும் கதை. ஒயில் ஒரு வழியால் மட்டும் போவதில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் அல்லது கரி பிடித்து ஒட்டிக்கொண்டால் எரிஅறைக்குள் ஏறும். வால்வ் சீல் கடினப்பட்டால் வால்வ் தண்டின் வழியே இறங்கும். எஞ்சினுக்குள் கசியும் வாயு, மூச்சுக்குழாய் வழியாக ஒயிலைத் துளிதுளியாக இன்டேக்குக்குக் கொண்டுபோகும். மிச்சம், சூட்டில் ஆவியாகும். மலைநாட்டில் இவற்றில் ஒன்று கூடுதலாக வேலை செய்கிறது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்குக் கியரைப் பிடித்து இறங்கும்போதும், பந்தய வளைவுக்கு முன் உயர்சுற்றில் காலை எடுக்கும்போதும் திராட்டில் மூடியிருக்கிறது. இன்டேக்கில் வலுவான வெற்றிடம் உண்டாகி, சீலையும் ரிங்கையும் தாண்டி ஒயிலை உறிஞ்சுகிறது. மறுபடி மிதித்ததும் நீலப் புகை வருகிறது.

புகை வரும் நேரத்தை வைத்தே நோயைப் பெருமளவு இனங்காணலாம். காலை முதல் ஸ்டார்ட்டிலும், இறக்கத்துக்குப் பின் மிதிக்கும்போதும் வந்தால் வால்வ் சீல். இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். புகையே இல்லாமல் அளவு குறைந்து இன்டேக் குழாய் நனைந்திருந்தால் மூச்சுக்குழாய். கம்ப்ரஷன் சோதனையும் லீக் டவுன் சோதனையும் செய்துவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். ஒயிலை மாற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது.

தடிப்பான ஒயிலின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடிய எஞ்சினில் அது அழுத்தத்தை உயர்த்தும். 20டபிள்யூ-50இல் தடிப்பைக் கூட்டும் பொலிமர் சேர்க்கை குறைவு என்பதால் உயர்சுற்றில் அறுபட்டு மெலிவதும் குறைவு. அதன் கனமான அடிப்படை எண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றும் பழைய வேனுக்கு, எஞ்சின் திறக்கக் காசு சேரும்வரை, அது நேர்மையான தீர்வுதான். ஆனால் கனிம எண்ணெயில் செய்த மலிவான 50 தரம் பந்தயச் சூட்டில் சீக்கிரம் ஒட்சியேற்றமடைந்து கரியாகும். அந்தக் கரி ஒயில் ரிங்கின் வடிகால் துளைகளை அடைக்கும். துளை அடைபட்டால் ஒயில் சுவரிலேயே தங்கி எரியும். குடிப்பதை நிறுத்தப் போட்ட ஒயிலே நாளடைவில் குடிப்பதை அதிகமாக்கும். என் எடைபோடலில் மிகக் கனமாக விழுவது இந்தக் காரணம்.

எவ்வளவு குறைந்தால் தாங்கலாம்? பல தயாரிப்பாளர்கள் 1000 மைலுக்கு ஒரு குவார்ட் வரை, அதாவது 1000 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.6 லீற்றர் வரை, ஏற்கத்தக்கது என்கிறார்கள். பந்தயத்தில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சிவிக் 1600 எஞ்சினுக்கு மொத்தமே நான்கு லீற்றரளவு ஒயில்தான். ஒரு லீற்றர் குறைந்தால் கால் பங்கு போய்விட்டது. நீண்ட வளைவில் மிச்ச ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். சம்புக்குள் தடுப்புத் தகடு இல்லாத காரில் எந்தத் தரமும் அந்த நொடியில் காப்பாற்றாது. மேல் குறிக்கு மேலே நிரப்புவதும் தவறு. கிராங்க் அடித்து ஒயில் நுரைத்துவிடும்.

ஒயில் குடிக்கும் கார் அதன் சொந்தக்காரருக்கு மட்டும் பிரச்சினையல்ல. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே நடந்த பந்தய விபத்தில் ஏழு பேரை இழந்த பிறகு ஃபொக்ஸ் ஹில்லைப் பற்றிப் பேசும் எவரும் பாதுகாப்பைப் பேசாமல் விட முடியாது. தடத்தில் சிந்தும் ஒயில் பின்னால் வரும் காரையும் வேலியோரம் நிற்கும் மனிதரையும் ஆபத்தில் தள்ளும். மூச்சுக்குழாய்க்கு ஒரு சேகரிப்பு டாங்கி பொருத்துவதைச் செலவு என்று எண்ணக் கூடாது, அது பொறுப்பு.

என் தீர்ப்பு இது. குறுகிய மலையேற்றத்துக்கு, நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் கொம்பனி சொன்ன தரமே சரி. ஒயில் சூடான பிறகே முழுச் சுற்றுக்குப் போக வேண்டும். கட்டுக்குருந்தை போன்ற சுற்றுப் பந்தயத்துக்கு, ஏசீஈஏ ஏ3/பி4 என்று டின்னில் எழுதியுள்ள முழுச் செயற்கை 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40. பந்தயம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். 50 தரம், ஒயில் கூலரும் வெப்ப கேஜும் பூட்டிய பின்னும் 130 பாகைக்குக் கீழே இறங்காத காருக்கும், அகன்ற இடைவெளியுடன் கட்டிய எஞ்சினுக்கும் மட்டும். 10டபிள்யூ-60, தயாரிப்பாளரே கேட்டால் மட்டும். இரண்டு உயர்தர டின்களை வாங்கும் காசில் முதலில் வெப்ப கேஜை வாங்குங்கள். அது இல்லாமல் தரத்தைத் தேர்வது ஊகம்.

ஒயில் குடிப்பதை நிறுத்தும் ஒயில் என்று ஒன்று இல்லை. சீலை மாற்றுங்கள், ரிங்கைப் பாருங்கள், மூச்சுக்குழாயைத் துப்புரவாக்குங்கள். அதுவரை அந்தக் காரைப் பந்தயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.