ஈடு கேட்கும் நம்பிக்கை

குழந்தையின் தன்னம்பிக்கையை வளர்க்கும் படப்புத்தகங்கள் என்று இப்போது கடைகளில் தனியாக ஓர் அடுக்கே வைத்துவிடுகிறார்கள். தஞ்சாவூரில் அப்படி ஓர் அடுக்கின் முன் அரை நாள் நின்று இருபதுக்குக் குறையாமல் படித்தேன். ஓடப் பயப்படும் முயல், பாட வெட்கப்படும் குயில். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டுகிறார்கள். எழுதியவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அந்தக் கைதட்டலில்தான்.

இதெல்லாம் விமர்சனத்துக்குரிய விஷயமா என்று இங்கே சிலர் கேட்கக்கூடும். கவிதையில் படிமம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு ஜீவன் முதல் தடவையாகப் படிமத்தைச் சந்திக்கிற இடம் எது என்று நாம் யோசித்ததாகத் தெரியவில்லை. (அழ. வள்ளியப்பாவும் வங்கி ஊழியர்தான். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர். குழந்தைக்கு எழுதுவதை அவர் சில்லறை வேலையாக நினைக்கவில்லை. நாம்தான் அவரைச் சில்லறையாக நினைத்துவிட்டோம்.)

எனக்கு இது சொந்த விவகாரமும்கூட. என் மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் வாய் ஓயாதவள், பள்ளியில் பேசுவதில்லை. 'கான்ஃபிடன்ஸ் பத்தல சார், நல்ல புக்ஸா வாங்கிக் குடுங்க' என்று சொல்லியனுப்பினார்கள்.

வங்கியில் நான் நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவன். மேட்டூர் திறந்து பூதலூர்ப் பக்கம் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் கவுண்டரில் கூட்டம். கழுத்தில் கிடப்பதைக் கழற்றி வைப்பார்கள், மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பார், பிறகுதான் அந்த மனுஷியை நாங்கள் நம்புவோம். அந்த அடுக்கிலிருந்த புத்தகங்களும் குழந்தையிடம் ஈடு கேட்கின்றன. முதலில் ஜெயித்துக் காட்டு, அப்புறம் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம். ஜெயிக்க ஒன்றுமில்லாத குழந்தை கழற்றி வைக்க எதற்கு எங்கே போகும்?

இந்தக் குற்றச்சாட்டை மட்டமான புத்தகத்தின்மேல் வைப்பது சுலபம். சிறந்த ஒன்றின்மேல் வைத்துப் பார்க்கிறேன். சென்னையின் தூலிகா பதிப்பகம் 2000இல் கொண்டுவந்தது. ஸாய் விட்டேகர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்தது. காளி இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். பள்ளியில் பிள்ளைகள் அவனோடு சேர்வதில்லை. அவன் தின்னக் கொண்டுவரும் கரையான் வறுவலைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு வந்துவிடுகிறது. எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அன்றிலிருந்து அவன் நாயகன்.

இருளர் வாழ்க்கை வேடிக்கைப் பொருளாகாமல் ஒரு குழந்தைப் புத்தகத்தில் இடம்பெற்றது பெரிய காரியம். ஆனால் பாம்பு வராமலே போயிருந்தால்? காளி கடைசிவரை தனியாகத்தான் தின்றிருப்பான். அவனை ஒதுக்கியவர்களே அவனுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்; அந்த உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தது என்று புத்தகம் கேட்கவில்லை. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. உயிர் பிழைக்க அவர்களைத் தேடுகிற சமூகம் மற்ற நாட்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பது நமக்குத் தெரியும். சாரைக்கோ விஷமே கிடையாது. வகுப்பு அலறியதே வெறும் அறியாமையில்தான்.

ஈடு கேட்காத புத்தகம் உண்டா? எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் செய்தது ஒன்று உண்டு. பனி பெய்த காலையில் பீட்டர் என்ற கறுப்புப் பையன் வெளியே போகிறான், காலடித் தடம் பதிக்கிறான், ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துகிறான், அது கரைந்துவிடுகிறது. அவ்வளவுதான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை, அவன் யாரையும் காப்பாற்றவுமில்லை. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது என்று அப்போதே குறை சொன்னார்கள். எனக்கு அதுதான் அந்தப் புத்தகத்தின் கௌரவமாகப் படுகிறது. ரூத் க்ராஸ் 1945இல் எழுதிய கேரட் விதைக் கதையும் இந்த ஜாதிதான். முளைக்காது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். பையன் பதில் பேசாமல் தண்ணீர் விடுகிறான், களை எடுக்கிறான். சுமார் நூறு சொற்கள். கேரட் அவ்வளவு பெரிதாக வந்திருக்க வேண்டாம் என்பது தவிர எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஆகவே புத்தகத்தைக் கையிலெடுத்ததும் நான் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறேன், யார் கைதட்டுகிறார்கள் என்று. இதோடு கட்டுரையை முடித்துவிடத்தான் இருந்தேன். மூன்று புத்தகங்களையும் மகளிடம் கொடுத்தேன். பனியை இரண்டு முறை புரட்டினாள். கேரட்டைப் பார்த்துச் சிரித்தாள். காளியில் பாம்பு வரும் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிட்டு, திரும்பிப் போய்க் கரையானில் நின்றாள்.

"அப்பா, இது அப்பாயி வறுக்குமே, ஈசல், அதுவா?"

"ஆமா."

"இந்தப் பையனும் திம்பானா?"

கல்லூரி விடுதியில், முதல் மழை இரவு, குழல் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. இதைத் தின்கிறவர்கள்கூட இருக்கிறார்களாமே என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, அம்மா வறுத்துவைத்திருந்ததை வேண்டாம் என்று சொன்னேன். ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட விமர்சனம் அதுதான். என் மகள் போய் நின்ற பக்கத்தை, கடைசிப் பக்கத்தில் குறியாயிருந்த நான் அவசரமாகப் புரட்டியிருந்தேன்.

காளியின் முடிவு பற்றிச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. மகள் பள்ளியில் இன்னும் பேசுவதில்லை. ஐப்பசியில் நல்ல மழை பெய்து விட்ட ஒரு சாயங்காலம், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அப்பாயியின் மடியில் வைத்து, காளி என்ன தின்றான் என்று சொன்னாள். என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு, "அரிசி சேத்து வறுத்தாங்களா, சும்மா வறுத்தாங்களான்னு அதுல போட்டிருக்கான்னு பாரு ஆயி" என்றாள்.