வடித்த ஆயிலை எப்படி ரசிப்பது?

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர்ப் பக்கம் போகிறவர்கள் காலை வேளையில் ஏதாவது ஒரு மெக்கானிக் கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எப்படியும் ஒரு பைக்குக்கு ஆயில் மாற்றுவார்கள். பாதியாக வெட்டிய கேனை அடியில் வைத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும், கன்னங்கரேலென்று சூடாக ஆயில் இறங்கும். வேலை கற்கும் பையன் அடுத்த ஸ்பேனரைத் தேடப் போய்விடுவான். கைதேர்ந்த மெக்கானிக் போகமாட்டார். விழுகிற ஆயிலில் விரலை நீட்டி ஒரு சொட்டை ஏந்தி, கட்டைவிரலால் தேய்ப்பார். பிறகு கையை வெயிலுக்குத் திருப்பி, விரல் நுனியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

அந்தப் பார்வையைத்தான் இங்கே சொல்லித்தர ஆசைப்படுகிறேன். பல வருஷம் ஆயில் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அவர் விரல் நுனியில் தேடியதைத்தான் நானும் கண்ணாடித் துண்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றி ஒரு நாள் ஓட்டினாலே கறுத்துவிடும். டீசல் எரிந்த கரி அது. அந்தக் கரியை அடியில் படியவிடாமல் சுமந்து வருவதற்கென்றே ஆயிலில் மருந்து சேர்த்திருக்கிறார்கள். கறுத்த ஆயில் என்றால் ஒழுங்காக உழைத்த ஆயில். நாம் தேட வேண்டியது கரியை அல்ல, இரும்புப் பொடியை. ஓடுகிற எந்த மெஷினும் தேயும். தேய்ந்ததெல்லாம் ஆயிலில்தான் வந்து சேரும். தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். நன்றாக ஓடும் என்ஜினில் உதிரும் பொடி 15 மைக்ரானைத் தாண்டாது. அதனால்தான் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வெயிலில் விரலைத் திருப்பும்போதே ஜிகினா மாதிரி மின்னினால், அது பெரிய துகள்; மெஷினுக்குள் ஏதோ கோளாறு.

சின்ன வயதில் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்திருப்பீர்கள். மீசை முளைத்த மாதிரி இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வரும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெர்னான் வெஸ்ட்காட் என்பவர் ஏறக்குறைய இதையே ஒரு கருவியாகச் செய்தார். பெயர் ஃபெரோகிராஃப். பலமான காந்தத்தின் மேல் ஒரு கண்ணாடி ஸ்லைடைச் சற்றுச் சாய்த்து வைத்து, இளக்கிய ஆயிலை அதன்மேல் மெதுவாக ஓடவிட வேண்டும். பெரிய துகள்கள் ஆயில் விழும் இடத்திலேயே பிடிபடும். சின்னவை கொஞ்ச தூரம் போய்ப் படியும். கடைசியில் கரைப்பானால் அலசிவிட்டால் ஆயில் போய்விடும், பொடி மட்டும் கோடு கோடாக நிற்கும்.

வீட்டிலேயே செய்யலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே அருமையான காந்தம் கிடைக்கும். என்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலைப் பிடியுங்கள். முதலில் கொட்டுவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் வாங்குங்கள். அடிமண்டியை வாங்கினால் பல மாதத்துக் குப்பை சேர்ந்து வந்து உங்களைக் குழப்பும். ஒரு பங்கு ஆயிலுக்கு நாலைந்து பங்கு டர்பன்டைன் கலந்து, சொட்டு மருந்துக் குழாயால் ஸ்லைடில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பே இல்லாமல் செய்யுங்கள். பள்ளிக்கூட நுண்ணோக்கி போதும். 100 மடங்கில் தொடங்குங்கள்.

முதலில் தெரிவது வரிசைகள். காந்தக் கோடுகளின் வழியே துகள்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லாம் சின்னச் சின்ன வழவழப்பான தகடுகளாக இருந்தால் அந்த மெஷின் ஆரோக்கியமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. நூறு ஸ்லைடில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துச் சலிக்காமல் இருக்கப் பழகினால்தான் மாறுதல் கண்ணில் படும்.

நடுவே ஒரு சுருள் தெரிகிறதா? லேத்தில் கடையும்போது வருமே, அதே சுருள், ஆனால் முடியைவிட மெல்லியது. ஏதோ ஒரு கடினமான பொருள் உள்ளே போய் இரும்பைச் சீவியிருக்கிறது. புது என்ஜினில் முதல் சில நாட்கள் இப்படி வந்தால் பயப்பட வேண்டாம், கடைசல் தடங்கள் மழுங்குகின்றன. ஓடிப் பழகிய என்ஜினில் வந்தால் மண்ணைத் தேடுங்கள்.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் இருக்கும் கல்லறைக்கல் இதே வகைப் பாறை என்பதால் 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் சார்னாக்கின் பெயரையே இதற்குச் சூட்டினார். இந்தப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. அது பெரும்பாலான இரும்பைவிடக் கடினமானது. திரிசூலம், பம்மல் பக்கம் ஜல்லி ஏற்றிய லாரிகளின் ஏர் ஃபில்டரில் ஒரு விரிசல் இருந்தால் போதும், அந்தப் புழுதி பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே போய் அரைக்கத் தொடங்கிவிடும்.

ஸ்லைடில் அந்தப் புழுதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, ரசிப்பதற்கு அதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது. கெட்டுப்போன கால்குலேட்டரின் திரையில் ஒட்டியிருக்கும் போலராய்டு தாளை உரித்து இரண்டு துண்டாக்குங்கள். ஒன்றை ஸ்லைடுக்குக் கீழே, மற்றொன்றை மேலே வைத்து, வெளிச்சம் அணைகிற வரைக்கும் மேல் துண்டைத் திருப்புங்கள். இரும்பெல்லாம் இருட்டில் மறைந்துவிடும். குவார்ட்ஸ் துணுக்குகள் மட்டும் அமாவாசை வானத்து நட்சத்திரங்கள் மாதிரி ஒளிரும். பல்லாவரத்து மலை உங்கள் ஸ்லைடில்!

நிறமும் பேசும். பித்தளைப் புஷ், வெண்கலக் கூண்டு தேய்ந்தால் பொன்னிறத் துணுக்குகள். பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடை 330 டிகிரி செல்சியஸில் ஒன்றரை நிமிடம் சுடுவார்கள். பேரிங், கியர் செய்கிற எஃகு நீலமாகிவிடும். வார்ப்பிரும்பு வைக்கோல் நிறத்துக்கு மாறும். ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்த கூட்டம், சுட்டு எடுத்ததும் இது கியர்வழி, இது லைனர்வழி என்று பிரிந்து நிற்கும். முதல்முறை பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கே எழுந்திருக்கவில்லை.

துருவும் சொல்லும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அடுத்த வாரங்களில் நான் பார்த்த கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடிக்கும், அதுதான் தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். வெளிப்பார்வைக்குச் சுத்தமாகக் கழுவித் துடைத்த வண்டிகள்தான் அவை. ஸ்லைடிலோ செக்கச்செவேலென்று துரு மணிகள் வரிசை கட்டி நின்றன.

இவ்வளவுக்கும் கண் எதற்கு, மெஷின் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கார்பன் சக்கரம் ஆயிலில் தோய்ந்து சுழல, மின்பொறியில் அதை எரித்து, வரும் ஒளியைக் கொண்டு இரும்பு எத்தனை, செம்பு எத்தனை, குரோமியம் எத்தனை என்று பத்து லட்சத்தில் ஒரு பங்கு கணக்கில் சொல்லும் ஸ்பெக்ட்ரோமீட்டர். 1940களில் அமெரிக்க ரயில் நிறுவனமான டென்வர் அண்ட் ரியோ கிராண்டே தொடங்கி வைத்த பழக்கம் இது. நம் ரயில்வேயின் டீசல் ஷெட்களிலும் இந்தச் சோதனை உண்டு. ஆயிலில் சோடியமோ போரானோ ஏறினால் ரேடியேட்டர் தண்ணீர் கசிகிறது என்று பிடித்துவிடுவார்கள். நல்ல கருவிதான். ஆனால் சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை அந்தப் பொறியால் முழுசாக எரிக்க முடியாது. பேரிங் உடைய ஆரம்பிக்கும்போது வருவதெல்லாம் பெரிய சில்லுகள். அந்த நேரத்தில் எண் அமைதியாக இருக்கும். எண்ணை மட்டும் நம்பினவர்கள் ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விமானக்காரர்கள் அதனால்தான் எண், கண் இரண்டையும் விடுவதில்லை. தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சத்தம் பழகிப்போயிருக்கும். ஹெலிகாப்டர் கியர்பாக்ஸில் ஆயில் போகும் வழியில் ஒரு காந்த முளை இருக்கும். ஒரு சில்லு வந்து ஒட்டி இடைவெளியை இணைத்தால் விமானிக்கு முன்னால் விளக்கு எரியும். இறங்கியதும் டெக்னீஷியன் முளையைக் கழற்றி, ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானப் பொடியா, உடைந்த சில்லா என்று பார்ப்பார்.

கற்றுக்கொள்ள எனக்கு அதிக நாள் பிடித்தது உருண்டைகளைத்தான். ஒன்று முதல் ஐந்து மைக்ரான் குறுக்களவில், மெருகேற்றிய முத்து மாதிரி இருக்கும். பேரிங்குக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, அந்த வெடிப்புக்குள்ளேயே உருண்டு உருண்டு உருவாகிறவை. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கும். 400 மடங்காவது வேண்டும். பக்கத்தில் வெல்டிங், கிரைண்டிங் நடந்தாலும் உருண்டைகள் வரும், ஆனால் அவை பெரும்பாலும் பெரியவை, கரடுமுரடானவை. தேதி, ஓடிய மணி எழுதி ஸ்லைடுகளை ஒரு டப்பாவில் அடுக்கி வையுங்கள். போன மாதத்தோடு வைத்துப் பார்க்காத ஸ்லைடு பாதிக் கதைதான் சொல்லும்.

தாம்பரம் சானடோரியம் பக்கத்துச் சின்னப் பட்டறை ஒன்றின் கம்ப்ரஸர் ஆயிலை மாதாமாதம் பார்த்துவந்தேன். ஆறு மாதம் வெறும் தகடுகள். ஏழாவது மாதம் முத்துகள், ஒன்றிரண்டு அல்ல, கூட்டம் கூட்டமாக. முதலாளியிடம் சொன்னேன். அவர் கம்ப்ரஸர் மேல் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்லையே சார், நல்லாத்தானே ஓடுது" என்றார். இருந்தாலும் என் பேச்சுக்காக ஞாயிற்றுக்கிழமை பிரித்தார். பேரிங்கைப் பெட்ரோலில் கழுவி, உள்வளையத்தை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தார். பாதி சுற்றில் கை நின்றது. பளபளத்த ஓடுபாதையில், கசகசா அளவுக்கு ஒரு குழி.