சும்மா இருப்பவருக்கு என்ன ரேட்?

ரயிலில் எதிர் சீட்டில் வந்து உட்காருகிறவர் முதலில் கேட்பது, "எதுவரைக்கும் போறீங்க?" ரெண்டாவது கேள்வி, "என்ன பண்றீங்க?" இந்த ரெண்டாவது கேள்விக்கு யாரும் "ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கிறேன்" என்று பதில் சொல்வதில்லை. கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியும். பேங்கா, ஐ.டி.யா, சொந்த பிஸினஸா? பதில் வந்ததும் அவர் குரல் லேசாக மாறும். ஒன்று, பேச்சில் 'சார்' சேரும். அல்லது கையிலிருக்கும் பேப்பரை விரித்துவிடுவார்.

இதே கேள்வியை ஒரு குடும்பத் தலைவியிடம் கேட்டுப் பாருங்கள். "நான் ஒண்ணும் பண்ணலீங்க. வீட்ல சும்மாதான் இருக்கேன்." காலை ஐந்து மணிக்கு எழுந்து நாலு பேருக்கு டிபன் செய்து, மூணு பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வந்தவர் சொல்கிற பதில் இது.

பேச்சுவாக்கில் சொல்கிற 'சும்மா'தானே, விட்டுவிடலாம். ஆனால் இந்த 'சும்மா'வை ரூபாயாக மாற்றி எழுதுகிற இடம் ஒன்று நாட்டில் இருக்கிறது. விபத்து நஷ்ட ஈட்டு வழக்குகள்.

நான் படித்தது பி.காம். பார்ட்னர்ஷிப் கணக்கில் குட்வில் என்று ஒரு சமாசாரம் வரும். கடையின் சராசரி வருஷ லாபத்தை எடுத்து மூன்றாலோ ஐந்தாலோ பெருக்கினால் கடையின் நல்ல பெயருக்கு விலை வந்துவிடும். சாலை விபத்தில் இறந்தவருக்குப் போடும் கணக்கும் கிட்டத்தட்ட இதுவேதான். வருஷ வருமானம் எவ்வளவு? பிற்பாடு ஏறியிருக்கக்கூடிய சம்பளத்துக்காகக் கொஞ்சம் கூட்டு. தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டிருப்பார் அல்லவா, அதைக் கழி. கல்யாணமாகாதவர் என்றால் பாதி. நம்பியிருப்பவர்கள் ரெண்டு மூணு பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தை வயதுக்கு ஏற்ற எண்ணால் பெருக்கு. 2009-ல் சரளா வர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த எண்களை ஒரு பட்டியலாகவே கொடுத்தது. 25 வயது வரை 18. 36 முதல் 40 வரை 15. 56 முதல் 60 வரை 9. 65-ஐத் தாண்டிவிட்டால் 5.

கோர்ட்டைக் குறை சொல்லவில்லை. சட்டம் மனிதனின் மதிப்பை எடை போடவில்லை, அவரை நம்பி இருந்தவர்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைத்தான் கணக்கிடுகிறது. தாளில் ஏதாவது ஒரு தொகையை எழுதித்தான் ஆகவேண்டும். சரி, சம்பளமே இல்லாதவர் இறந்துபோனால்? 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. ஒரு நாளைக்கு 41 ரூபாய். பல வருஷங்களுக்கு அந்தத் தொகை ஏறவே இல்லை.

இதைவிட என்னை உலுக்கியது ஜாம்ஷெட்பூர் வழக்கு. அங்கே வாகனம் எதுவும் மோதவில்லை. ஆனால் கணக்கு அதே கணக்கு. 1989 மார்ச் 3, ஜாம்ஷெட்ஜி டாடாவின் 150-வது பிறந்த நாளை டாடா ஸ்டீல் கொண்டாடியது. விழாப் பந்தலில் தீப்பிடித்து 60 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2001-ல் தீர்ப்பு வந்தது. 34 முதல் 59 வயது வரையிலான இல்லத்தரசிகளின் வீட்டுச் சேவைக்கு மதிப்பு வருஷத்துக்கு 36,000 ரூபாய். 62 முதல் 72 வயது வரையிலான பெண்களுக்கு 20,000. இதுவே முன்பு போட்டிருந்ததைவிடக் கூட்டிக் கொடுத்தது.

குழந்தைகள் கணக்குதான் விசேஷம். 10 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள் வளர்ந்து, சம்பாதித்து, பெற்றோருக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகை வருஷத்துக்கு 12,000 என்று போட்டிருந்தார்கள். கோர்ட் அதை 24,000 ஆக்கியது. என்ன காரணம் தெரியுமா? ஊழியரின் பிள்ளைகளில் ஒருவருக்கு அந்தக் கம்பெனியில் வேலை கொடுக்கும் வழக்கம் இருந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, பார்க்காத வேலைக்கு, வாங்காத சம்பளத்தால் விலை ஏறியது. அதில் பெற்றவர்களுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் தீர்ப்பை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

அப்புறம் காலம் மாறியது. 2010-ல் ஒரு இல்லத்தரசியின் மரணம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. தீர்ப்பாயம் முதலில் 6 லட்சம் என்று கணக்குப் போட்டுவிட்டு, சம்பாதிக்காதவர்தானே என்று இரண்டரை லட்சமாகக் குறைத்திருந்தது. சுப்ரீம் கோர்ட் 6 லட்சத்தையே கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில்தான் நீதிபதி ஏ.கே. கங்குலி 2001 சென்ஸஸைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார். வீட்டு வேலை செய்யும் பெண்களை, பிச்சை எடுப்பவர்கள், பாலியல் தொழில் செய்பவர்கள், கைதிகள் ஆகியோரோடு ஒரே கூடையில் போட்டு 'வேலை செய்யாதவர்கள்' என்று எழுதியிருந்தார்கள். 2021-ல் நீதிபதி ரமணா இன்னும் ஒரு படி மேலே போனார். 2011 சென்ஸஸில் வீட்டு வேலைதான் எங்கள் முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் சுமார் 16 கோடி, ஆண்கள் 58 லட்சம் என்று எடுத்துக் காட்டினார். நம் சென்னை ஹைகோர்ட்டும் 2023-ல், கணவர் சவுதியில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு, அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் இவரால் சம்பாதிக்க முடிந்தது என்றது. 2024-ல் மத்திய அரசு எடுத்த சர்வேயில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷமும் ஆண்கள் 88 நிமிஷமும் செலவிடுவதாகத் தெரிகிறது. தீர்ப்பு சரியென்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லாம் நல்ல தீர்ப்புகள். கை தட்டுகிறேன். தட்டிவிட்டு ஒரு சந்தேகம் கேட்கிறேன்.

இல்லத்தரசியைப் பிச்சைக்காரரோடு சேர்த்துவிட்டார்களே என்றுதான் எல்லோருக்கும் கோபம். நியாயம். இல்லத்தரசியை அந்தக் கூடையிலிருந்து கௌரவமாக வெளியே எடுத்தாகிவிட்டது. உள்ளே மிச்சம் இருக்கிறாரே, அந்தப் பிச்சைக்காரர்? அவரைப் பற்றி யாராவது பேசினோமா?

மகளிர் தினம் வந்தால் செல்போனில் ஒரு பட்டியல் சுற்றும். சமையல்காரருக்கு இவ்வளவு, ஆயாவுக்கு இவ்வளவு, டியூஷன் டீச்சருக்கு, நர்ஸுக்கு, டிரைவருக்கு... கூட்டினால் மாசம் இத்தனை ஆயிரம், ஆகவே அம்மாவை மதியுங்கள் என்று முடியும். எனக்கு இடிப்பது அந்த 'ஆகவே'தான்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். 52 வயதில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மகனும் மருமகளும் தங்கமானவர்கள். ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆனாலும் அந்த அம்மா யார் போனாலும் சொல்வது, "யாருக்கும் பிரயோஜனம் இல்லாம போயிட்டேன் தம்பி." ஒரு கையை வைத்துக்கொண்டு, "கீரையாவது ஆய்ஞ்சு தரேனே" என்று மருமகளிடம் கெஞ்சுகிறார். அவள், "நீங்க ரெஸ்ட் எடுங்கத்தை" என்று அன்பாகச் சொன்னால் முகம் வாடிப்போகிறது. மகளிர் தினப் பட்டியலை இப்போது இந்த அம்மாவுக்குப் போட்டுப் பாருங்கள். சமையல் இல்லை, டியூஷன் இல்லை, நர்ஸ் வேலை இவருக்கே ஒருத்தர் செய்யவேண்டியிருக்கிறது. மொத்தம் பூஜ்யம். ஆகவே?

ஆண்கள் கதை இன்னும் தமாஷ். ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருஷம் கழித்தும் வாசல் போர்டில் 'தாசில்தார் (ஓய்வு)' என்று இருக்கும். அதைக் கழற்றினால் வீட்டுக்குள்ளே யார் இருக்கிறார் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது. வேலை கிடைக்காத பையனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று அவனுக்குத் தினமும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் 'சும்மா'வுக்கு நம் ஊரில் பெரிய மரியாதை உண்டு. முருகன் அருணகிரிநாதருக்குச் செய்த உபதேசமே சும்மா இருக்கச் சொல்லித்தான் என்பது ஐதீகம். அந்தக் கோயில் கதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'சும்மா இருக்கும் சாமியாருக்கு ஒரு பட்டை சாதம்' என்று கணக்கில் எழுதியிருந்ததைப் பார்த்துப் புதிய தர்மகர்த்தாவுக்குக் கோபம் வந்தது. சும்மா இருப்பவனுக்கு எதற்குச் சோறு என்று நிறுத்தப் போனார். அப்புறம் தானே ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். மனசு அலைந்தது, கால் மரத்தது, கொசு கடித்தது. முடியவில்லை. 'அடேயப்பா, எவ்வளவு கஷ்டம்' என்று சாமியாருக்கு ரெண்டு பட்டை சாதமாக ஏற்றிவிட்டார்.

கேட்டு எல்லோரும் சிரிப்போம். ஆனால் கவனியுங்கள். சாமியாருக்குச் சோறு ஏன் கூடியது? பசிக்கிற மனுஷன் என்பதால் அல்ல. சும்மா இருப்பதும் கஷ்டமான வேலைதான் என்று தர்மகர்த்தா ஒப்புக்கொண்டதால். சும்மா இருப்பதன் பெருமையைச் சொல்லவந்த கதையே கடைசியில் அதையும் ஒரு உத்தியோகமாக்கித்தான் சம்பளம் கொடுக்கிறது!

நான் வேலையே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. வாரா வாரம் இந்தப் பக்கத்தை எழுதித் தராவிட்டால் என் வீட்டிலும் அடுப்பு எரியாது. உழைப்புக்குக் கூலி வேண்டும், வீட்டு உழைப்புக்கும்தான். ஆனால் சோறும் மரியாதையும் கூலியில் சேர்ந்தவை இல்லை.

நம்மூரில் அப்படி ஒரு இடம் இருக்கிறது. ரேஷன் கடை. 1997-ல் ஏழை, ஏழையல்லாதவர் என்று பிரித்துக் கொடுக்க மத்திய அரசு திட்டத்தை மாற்றியபோதும், தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். அரிசி கார்டு இருந்தால் போதும், 'என்ன பண்றீங்க?' என்று கேட்டுவிட்டுத் தராசில் போடுவதில்லை. படித்தவர்கள் அதிகம் திட்டுவதும் இந்த அரிசியைத்தான். "ஓசியில கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க சார்." இதைச் சொல்கிறவர்கள் அப்பா கட்டிய வீட்டில் வாடகையில்லாமல் குடியிருந்தால், அதற்குப் பெயர் பூர்வீகச் சொத்து.

கோர்ட் தாளில் ஒரு வரியைச் சொல்ல விட்டுவிட்டேன். வருமானம், கழிவு, பெருக்கல் எல்லாம் முடிந்தபிறகு கீழே சில நிரந்தரத் தொகைகள் வரும். பிரணய் சேத்தி வழக்கில் 2017-ல் ஐந்து நீதிபதிகள் நிர்ணயித்தவை அவை. அதில் ஒன்று, துணையை இழந்ததற்கு 40,000 ரூபாய். கூட இருந்தாரே, இப்போது இல்லையே, அதற்கு. 2018-ல் இன்னொரு தீர்ப்பு, பெற்றவரை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த பெற்றவருக்கும் இது உண்டு என்றது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை 10 சதவிகிதம் ஏற்றவும் வழி செய்திருக்கிறார்கள். கலெக்டருக்கும் கீரைக்காரிக்கும் ஒரே தொகை. சம்பளம் என்ன, வயது என்ன, வேலை என்ன என்ற கேள்வி கிடையாது. அந்தத் தாளில் அப்படிக் கேள்வி கேட்காமல் எழுதும் இன்னொரு செலவும் உண்டு. ஈமச் செலவு, 15,000.