தோடம்பழத் தோல்

பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் தோடம்பழம் வாங்கி வந்தால், சுளையைவிடத் தோல்மேல்தான் எனக்கு ஆசை. உரித்த துண்டை இரு விரல்களுக்கிடையே மடித்து நசுக்குவேன். பனிப்புகைபோல் எண்ணெய்த் துளிகள் சீறும். மெழுகுதிரிச் சுடர் அருகே நசுக்கினால் பொறி பறக்கும். அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்னும் சேர்மம்.

நமக்கு வாசம், பூச்சிக்கு எமன். வெள்ளை ஈ போன்ற மென்னுடல் பூச்சிகளின் மேலிருக்கும் மெழுகுப் படலத்தை அது கரைத்துவிடும். ஈரம் வற்றிப் பூச்சி மடியும். பழச்சாறு பிழிந்தபின் எஞ்சும் தோலிலிருந்தே இந்த எண்ணெய் எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இதைப் பயிர் மருந்தாக அங்கீகரித்தது.

குறையும் உண்டு. சீக்கிரம் ஆவியாகிவிடும், மறுபடி தெளிக்க வேண்டும். அளவு மீறினால் இலை கருகும். ஆனால் அப்படி ஆவியாவதால்தான் காயில் நஞ்சு தங்குவதில்லை. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

எங்கள் ஊரில் பூச்சி அண்டாதிருக்கப் பயறுப் பானைக்குள் நொச்சி இலை போட்டு வைப்பார்கள். அதுவும் இலைக்குள் இருக்கும் எண்ணெயின் வேலைதான்.

பலெர்மோவைச் சூழ்ந்திருந்த கொன்கா தோரோ சமவெளியின் தோடம்பழத் தோட்டங்களில் பெரும்பகுதியை, இரண்டாம் உலகப்போருக்குப் பின் எழுந்த கட்டடங்கள் விழுங்கிவிட்டன. நகரின் சியாக்குல்லிப் பகுதியில் மண்டரின் மரங்கள் இன்னும் நிற்கின்றன. இந்தப் பக்கம் வந்தால், ஒரு பழம் வாங்கித் தோலை நசுக்கி முகர்ந்து பாருங்கள்.